ஊரில் ஊரடங்கு: இராக்கில் ஆறு நாள், ஐந்து ஜிகுராட்

நவம்பர் 17, 2024, ஞாயிறு: அகர்கூஃப்

அடுக்கடுக்காக உயரும் பழங்காலக் கோயில் மேடைக்கு ஜிகுராட் என்று பெயர். பாக்தாத்தில் டாக்சி ஓட்டுபவரிடம் ஜிகுராட் என்றால் புரியாது. "ஸக்கூரா" என்று கேட்க வேண்டும். வெறும் ஸக்கூரா என்றாலும் சிக்கல்தான். அவர் மனசில் வருவது 370 கிலோமீட்டர் தெற்கே நாசிரியா பக்கம் இருப்பது. "அகர்கூஃப்" என்று சேர்த்துச் சொன்னதும் ஓட்டுநர் சிரித்துவிட்டார். பாக்தாத்காரர்கள் வெள்ளிக்கிழமை குடும்பத்தோடு சாப்பாடு கட்டிக்கொண்டு போகும் இடம் அது. ஞாயிற்றுக்கிழமை காலையில் அங்கே யாருக்கு என்ன வேலை?

நகர மையத்திலிருந்து மேற்கே 30 கிலோமீட்டர்தான். சோதனைச் சாவடிகளால் ஒன்றேகால் மணி நேரம் ஆனது. சாவடிக்கு இங்கே "ஸைதரா" என்று பெயர். பாஸ்போர்ட், விசா இரண்டுக்கும் தாள் நகல் நான்கைந்து கையில் இருக்கட்டும். முதல் சாவடியில் வாங்கிய நகலைத் திருப்பித் தராமல் வைத்துக்கொண்டார்கள், இரண்டாவது சாவடியிலும் அதையேதான் கேட்டார்கள். சாவடி கண்ணில் பட்டதும் செல்பேசியை மடியில் கவிழ்த்து வைத்துவிட வேண்டும். படம் எடுப்பதாக நினைத்தால் வண்டியை ஓரங்கட்டி விடுவார்கள்.

தூரத்தில் அது ஒரு பெரிய கறையான் புற்று. நெருங்கினால் புற்றில் கிடைமட்டமாகக் கோடுகள் தெரிகின்றன. பாபிலோனை ஆண்ட காஸைட் குலத்து அரசன் குரிகல்சு எழுப்பிய தலைநகரம், தூர் குரிகல்சு. கோபுரம் என்லில் தெய்வத்துக்கு. கி.மு. 14ஆம் நூற்றாண்டு வாக்கில் கட்டியது. அடித்தளம் 69 மீட்டருக்கு 67.6 மீட்டர். இன்றும் ஐம்பது மீட்டருக்கு மேல் நிற்கிறது. முன்பு இந்த வழியாக வந்த ஐரோப்பியப் பயணிகள் சிலர் இதையே விவிலியம் சொல்லும் பாபேல் கோபுரம் என்று நம்பியிருக்கிறார்கள். நம்பியதில் தப்பில்லை.

ஜிகுராட்டுக்குள் போக முடியுமா என்று கேட்பவர்கள் உண்டு. முடியாது. உள்ளே அறையும் இல்லை, கல்லறையும் இல்லை. முழுக்க முழுக்கச் சூளையில் சுடாத பச்சை மண்கல்லை அடுக்கிய திண்டு. கோயில் உச்சியில் இருந்தது. திண்டைச் சுற்றிச் சூளையில் சுட்ட செங்கல்லால் ஒரு தோல். அகர்கூஃபில் மேல்பகுதித் தோலை நூற்றாண்டுகளாக ஆட்கள் பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள். அதனால்தான் இந்த இடத்தை முதலில் பார்க்க வேண்டும் என்கிறேன். வேறெங்கும் மறைந்திருக்கும் உட்சதை இங்கே வெளியே கிடக்கிறது. கீழே பளிச்சென்று தெரியும் அடுக்கும் படிகளும் 20ஆம் நூற்றாண்டில் தொல்லியல் துறை புதிதாகக் கட்டியவை.

அந்தக் கோடுகள் நாணல் பாய்கள். ஏழெட்டு வரிசை மண்கல்லுக்கு ஒரு பாய். கல் கரைந்து உள்வாங்கிய இடத்தில் பாயின் நுனி நீட்டிக்கொண்டிருக்கிறது, தேய்ந்த விளக்குமாற்றின் அடிபோல, சாம்பல் நிறத்தில். 3,400 வருஷத்து நாணல்! குனிந்து பார்த்தால் தண்டின் கணு கூடத் தெரிகிறது. தொட வேண்டாம், பொடியாகிறது. பாய்க்கு மூன்று வேலை. மேலிருந்து வரும் பாரத்தைப் பரப்பும். காயும்போது கல் சுருங்கி விரிசல் விடாமல் கட்டிப்பிடிக்கும். உள்ளே தங்கிய ஈரத்தை ஓரத்துக்கு இழுத்து வந்து காற்றில் விடும். மூன்றாவதுதான் முக்கியம். நாணலை முறுக்கித் திரித்த கயிறுகளும் குறுக்கே ஓடுகின்றன. அங்கங்கே தெரியும் துளைகளில் சில அவற்றின் தடம்.

காவலாளி தேநீர் கொடுத்தார். இடுப்பு ஒடுங்கிய சின்னக் கண்ணாடிக் குவளை, இஸ்திகான். அடியில் கால் பாகம் சர்க்கரை. கலக்காமல் குடித்தால் முதல் மடக்கு கசக்கும், கடைசி மடக்கு பாகு. காசை நீட்டியபோது கையை நெஞ்சில் வைத்துத் தலையசைத்தார். இங்கே முதல் தடவை வாங்க மறுப்பது மரியாதை. கடைக்காரராக இருந்தால் மூன்றாவது முறை நீட்டும்போது வாங்கிக்கொள்வார். இவர் மூன்றாவது முறையும் வாங்கவில்லை.

இரவு பாக்தாத்தில் சமூன் ரொட்டிக்குள் ஃபலாஃபெல், 1,500 தினார், நம் பணத்தில் 90 ரூபாய்க்குள். மேலே மஞ்சளாக ஊற்றுவது ஆம்பா, மாங்காய் ஊறுகாய். பெயரே இந்தியச் சொல், பம்பாய்க்கு வணிகத்துக்குப் போய்வந்த பாக்தாத் யூதர்கள் வழியாக வந்தது என்பார்கள். வெந்தய வாசனை சட்டையை விட்டு இரண்டு நாள் போகாது.

நவம்பர் 18, திங்கள்: பாபிலோன், பிர்ஸ் நிம்ரூத்

பாபிலோனுக்கு வெளிநாட்டவர் கட்டணம் 25,000 தினார், ஏறத்தாழ 1,500 ரூபாய். சில்லறையாக வைத்துக்கொள்ளுங்கள், அட்டை வாங்கவில்லை. வழிகாட்டி கூட்டிப்போவது நீலநிறப் போலி வாயில், ஊர்வலப் பாதை, சதாம் காலத்தில் பாபிலோன் அரசன் நேபுகாத்நேசர் அரண்மனையின் பழைய அடிச்சுவர்மேல் எழுப்பிய புதுச் சுவர்கள், சிங்கச் சிலை. புதுச் செங்கல்லில் சதாமின் பெயரை அரபியில் பொறித்திருக்கிறார்கள். நேபுகாத்நேசர் தன் செங்கல்லில் முத்திரை பதித்ததைப் பார்த்துச் செய்தது. அந்தப் புதுச் சுவரின் முழங்கால் உயரம் வரை வெள்ளை பூத்திருப்பதைக் கவனியுங்கள். நிலத்தடி நீர் மண்ணிலிருந்து உப்போடு ஏறுகிறது. நீர் ஆவியாகிறது, உப்பு செங்கல்லின் தோலுக்கடியில் படிகமாகி அதை உரித்துத் தள்ளுகிறது. மேலே சிமெண்ட் பூசிய இடத்தில் ஈரம் வெளியேற வழியில்லாமல் இன்னும் மோசம்.

பாபேல் கோபுரம் எங்கே என்று கேட்காவிட்டால் யாரும் காட்ட மாட்டார்கள், காட்ட ஒன்றுமில்லை என்பதால். அந்தக் கதைக்கு மூலம் என்று சொல்லப்படும் பாபிலோன் ஜிகுராட், எதெமெனான்கி, நின்ற இடம் இன்று சதுரமான ஒரு பள்ளம். சுற்றிலும் தண்ணீர், நாணல், கொசு. பக்கத்துக்கு 91 மீட்டர் என்று அகழ்வில் அளந்திருக்கிறார்கள். கி.மு. 229இல் படியெடுத்த ஒரு களிமண் பலகை, இப்போது பாரிஸ் லூவ்ரில் இருப்பது, உயரத்தையும் அதே அளவாகச் சொல்கிறது. அலெக்சாந்தர் புதிதாகக் கட்டுவதற்காக இடிபாட்டை அகற்றச் சொன்னார், கி.மு. 323இல் இங்கேயே இறந்தும் போனார். மிச்சமிருந்த சுட்ட செங்கல்லை ஊர்க்காரர்கள் அஸ்திவாரம் வரை தோண்டி எடுத்து வீடு கட்டிக்கொண்டார்கள். பக்கத்திலுள்ள ஹில்லா நகரத்தின் பழைய வீடுகளில் பாபிலோன் செங்கல் கலந்திருக்கிறது. தோலை உரித்த அகழியில்தான் இப்போது தண்ணீர் நிற்கிறது, நடுவில் சதுரத் தீவாகக் கிடப்பது உட்சதையின் அடி. கொசுவுக்காக முழுக்கைச் சட்டை அவசியம்.

மதியம் பிர்ஸ் நிம்ரூத். பழைய பெயர் போர்சிப்பா, நபு தெய்வத்தின் ஊர். ஹில்லாவிலிருந்து அரை மணி நேரம். மண்மேட்டின் உச்சியில் பிளந்த பல்போல ஒரு செங்கல் தூண் நிற்கிறது. அதைச் சுற்றிக் கிடக்கும் பாறாங்கற்களைப் பாறை என்று தாண்டிப் போய்விட வேண்டாம். இந்தச் சமவெளியில் பாறையே கிடையாது. அவை பெருந்தீயில் உருகி, கண்ணாடிபோல் இறுகிய செங்கல் கட்டிகள். உற்றுப் பார்த்தால் உருகிய கட்டிக்குள்ளேயே செங்கல் வரிசை வளைந்து போவது தெரியும். மேட்டில் மண் சரிகிறது. ஏறும்போது தெரியாது, இறங்கும்போது குதிகாலை ஊன்றி இறங்க வேண்டும். பிடிமானமில்லாத செருப்போடு வந்த ஓட்டுநர் பாதியில் உட்கார்ந்தே இறங்கினார்.

1854இல் பிரிட்டிஷ் ஆய்வாளர் ராலின்சன் இங்கே களிமண் உருளைகளைக் கண்டெடுத்தார். அதில் நேபுகாத்நேசர் சொல்லும் கதை ஏறக்குறைய ஒரு பொறியாளர் அறிக்கை. முன்னொரு அரசன் 42 முழம் உயர்த்தினான், உச்சியை முடிக்கவில்லை. நீர் வெளியேறும் வழிகளைப் பராமரிக்கவில்லை. மழை உள்ளே இறங்கிப் பச்சைக் கல்லைக் கலைத்தது, சுட்ட கல் தோல் பிளந்தது. அஸ்திவாரத்தை மாற்றாமல் சரிசெய்தேன் என்கிறான். ஒரு ஜிகுராட் எப்படிச் சாகும் என்பதற்கு இதைவிடச் சுருக்கமான விளக்கம் எனக்குத் தெரியாது.

நவம்பர் 19, செவ்வாய்: ஊர்

பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. இந்தப் பழைய சுமேரிய நகரத்தின் பெயரைத் தமிழில் ஊர் என்றுதான் எழுத வேண்டியிருக்கிறது. சுமேரியர்கள் அழைத்தது உரிம். ஒலி ஒற்றுமையை வைத்துத் தமிழோடு முடிச்சுப் போடுபவர்கள் இணையத்தில் நிறைய, அந்தப் பக்கம் நான் போகவில்லை.

விடியற்காலை ஹில்லாவில் கைமர். எருமைப்பாலைக் கொதிக்க வைத்து ஆறவிட்டு எடுக்கும் கெட்டி ஆடை. பேரீச்சம்பழப் பாகு ஊற்றிச் சூடான சமூனில் துடைத்துச் சாப்பிட வேண்டும். தட்டு 3,000 தினார். ஏழரைக்கு மேல் போனால் தீர்ந்திருக்கும். பின்னர் திவானியா, சமாவா வழியாக நான்கரை மணி நேரம் நெடுஞ்சாலை. சொல்ல ஒன்றுமில்லை.

நாசிரியாவிலிருந்து தென்மேற்கே 16 கிலோமீட்டர் தாண்டி, விமானப்படைத் தளத்தின் வேலியை ஒட்டி இருக்கிறது ஊர். நவம்பரில் ஐந்து மணிக்குச் சூரியன் இறங்கிவிடும்; இரண்டரைக்குள் உள்ளே போய்விடுங்கள். 25,000 தினார் மறுபடியும். நிழல் கிடையாது, தண்ணீர் கடை கிடையாது. வெயில் 25 பாகைதான், காற்றுத்தான் உதட்டை வெடிக்க வைக்கிறது.

அகர்கூஃபில் சதையைப் பார்த்தவர்கள் இங்கே தோலைப் பார்க்கலாம். அரசன் ஊர்-நம்மு கி.மு. 21ஆம் நூற்றாண்டில் தொடங்கி, மகன் ஷுல்கி முடித்தது. சந்திர தெய்வம் நன்னாவுக்கு. கீழ்அடுக்கு 62.5 மீட்டர் நீளம், 43 மீட்டர் அகலம், 11 மீட்டர் உயரம். நான்கு மூலைகளும் நான்கு திசைகளைப் பார்க்கின்றன. சுட்ட செங்கல் தோல் இரண்டரை மீட்டர் தடிமன், காரைக்குப் பதில் நிலக்கீல். தல் அல்-முகய்யர், தார் பூசிய மேடு என்பதே இந்த இடத்தின் அரபிப் பெயர்.

பழசையும் புதுசையும் பிரிப்பது எளிது. செங்கல்லுக்கு நடுவே கறுப்புக் கோடு இருந்தால் பழசு, வெளிர் சாம்பல் காரை இருந்தால் புதுசு. பழைய கல் சதுரம், ஒன்றேகால் சாணுக்கும் சற்று கூடும், ஒன்றுபோல் ஒன்று இராது. சுவர் முகப்பிலும் படியிலும் பெரும்பகுதி 20ஆம் நூற்றாண்டு வேலைதான். 1991 வளைகுடாப் போரில் இராக் படையினர் இரண்டு மிக் போர் விமானங்களை இதன் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்கள். சுவரில் அங்கங்கே தெரியும் சிறு குழிகள் அந்தப் போரில் குண்டு பட்டவை.

எல்லோரும் படியைப் படம் எடுக்கிறார்கள். நீங்கள் படிக்கு முதுகைக் காட்டிப் பக்கச் சுவருக்குப் போங்கள். தோலில் ஒழுங்கான இடைவெளியில் ஒடுக்கமான செவ்வகத் துளைகள், கை உள்ளே போகும் அகலம். தோலைத் துளைத்து உட்சதை வரை போகின்றன. லியோனார்ட் வூலி 1922 முதல் 1934 வரை இங்கே தோண்டியவர். துளைகளைப் பார்த்து அடுக்குகளில் மரம் வளர்த்திருப்பார்கள், அதற்குப் பாய்ச்சிய நீர் வடிவதற்காக என்று ஊகித்தார். அழகான ஊகம். உள்ளிருக்கும் பச்சை மண்ணின் ஈரம் மூச்சுவிட என்பதே இப்போது பலரும் ஏற்கும் விளக்கம். ஈரம் ஏறினால் மண்கல் உப்பும், உப்பினால் இரண்டரை மீட்டர் தோலையும் வெளியே தள்ளிவிடும். ஒரு துளையில் புறா குஞ்சு பொரித்திருந்தது.

சூரியன் சாயும்போது ஓட்டுநர் அவசரப்படுத்தினார். அவரை ஸைதராவில் நின்றவர்கள் உள்பட எல்லோரும் "ஹஜ்ஜி" என்றே கூப்பிட்டார்கள். அவசரம் ஏன் என்று அப்போதுதான் விவரமாகச் சொன்னார்: நள்ளிரவிலிருந்து இரண்டு நாள் நாடு முழுக்க ஊரடங்கு. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. அவர் ஹில்லாவில் தன் வீட்டில் இருந்தாக வேண்டும். அறிவிப்பு வாரக்கணக்கில் செய்தியில் வந்திருக்கிறது, பயணத் திட்டம் போட்டவர்தான் பார்க்கவில்லை. "தத்லல்" என்று சொல்லிப் பையை விடுதி வாசலில் இறக்கிவிட்டுக் கிளம்பினார். உங்கள் விருப்பம்போல் என்று அர்த்தம். விருப்பத்துக்கு அங்கே இடமேது.

நவம்பர் 20, 21, புதன், வியாழன்: நாசிரியா

ஊரில் ஊரடங்கு. இதைத் தமிழில் எழுதாமல் எப்படி இருப்பது?

1987க்குப் பிறகு நாடு முழுவதையும் சேர்த்து எடுக்கும் முதல் கணக்கெடுப்பு. 1997இல் எடுத்ததில் குர்திஸ்தான் இல்லை. கையில் டேப்லெட்டோடு கணக்கெடுப்பாளர்கள் வீடு வீடாகப் போனார்கள். இதே மண்ணில் நாலாயிரம் வருஷத்துக்கு முன் ஷுல்கியின் எழுத்தர்கள் ஆடு, பார்லி, கூலியாள் எல்லாவற்றையும் களிமண் பலகையில் எண்ணி எழுதிக் குவித்தார்கள். அந்தப் பலகைகள் பல்லாயிரம் மிஞ்சியிருக்கின்றன.

மாட்டிக்கொள்பவர்களுக்கு: செவ்வாய் இரவு பத்து மணிக்குள் ரொட்டி, முட்டை, பேரீச்சம்பழம், தண்ணீர் வாங்கி வைத்துவிடுங்கள். புதன் காலை வீதியில் நாயைத் தவிர ஆளில்லை. விடுதி அறை 50,000 தினார். இரண்டு நாள் சாப்பாட்டுக்குக் காசு வாங்க மறுத்தார்கள். தங்கள் சமையலில் பங்கு கொடுத்தார்கள்: தக்காளிக் குழம்பில் வெண்டைக்காயும் ஆட்டிறைச்சியும் போட்ட பாமியா, சோறு. சோற்றுக்குத் தெற்கத்திப் பேச்சில் "திம்மன்". பிறகு நூமி பஸ்ரா, உலர்ந்த எலுமிச்சையை உடைத்துக் கொதிக்கவிட்ட தேநீர். கொட்டையை எடுக்காமல் கொதிக்கவிட்டால் கசந்துவிடும்.

நாசிரியா அருங்காட்சியகம் மூடல். வியாழன் இரவு யாரோ வாசலில் வண்டியைக் கிளப்பிய சத்தம் கேட்டபோது தெருவே எட்டிப் பார்த்தது.

நவம்பர் 22, வெள்ளி: மறுபடி ஊர், பிறகு எரிது

மாட்டிக்கொண்டதில் ஒரு லாபம், காலை வெளிச்சம். மூன்று படிக்கட்டுகளும் வடகிழக்கு முகத்தில் இருக்கின்றன. மதியத்துக்கு மேல் அந்த முகம் நிழலில் கிடக்கும். ஏழு மணிக்கு வெயில் சாய்வாகப் படியில் விழுகிறது, சுவரின் ஆழமில்லாத மடிப்புகள் ஒவ்வொன்றும் நிழல் கோடாகப் பிரிந்து தெரிகிறது. நடுப்படி நேராக வருகிறது, மற்ற இரண்டும் சுவரை ஒட்டி இரு பக்கமிருந்து ஏறுகின்றன. ஒவ்வொன்றிலும் நூறு படி. மூன்றும் மேலே ஒரே வாயிலில் கூடுகின்றன. கயிறு கட்டியிருந்தால் ஏறக் கூடாது.

மேலே எஞ்சியிருப்பதில் ஒரு பகுதி கி.மு. 6ஆம் நூற்றாண்டில் பாபிலோன் அரசன் நபோனிடஸ் பழுதுபார்த்தது. மூலைகளில் அவன் புதைத்த களிமண் உருளைகளை 1854இல் பிரிட்டிஷ் அதிகாரி டெய்லர் எடுத்தார். ஊர்-நம்மு தொடங்கினான், ஷுல்கி முடித்தான், பழசாகிப் போனது, நிலக்கீலும் சுட்ட செங்கல்லும் கொண்டு சரிசெய்தேன் என்று எழுதியிருக்கிறது. பதினைந்து நூற்றாண்டுக்குப் பிறகும் அதே இரண்டு பொருள்.

அரச கல்லறைகளின் பக்கம் இன்று வெறும் குழிகள்தான். அரசி புவாபியின் தலையணி போன்றவையெல்லாம் அருங்காட்சியகங்களுக்குப் போய்விட்டன. அங்கே கிடைத்த செம்மணிகளில் சில சிந்துவெளியிலிருந்து கடல் வழியாக வந்தவை. ஷுல்கி, அமர்-சின் காலத்து நிலவறைக்குள் இறங்கும் படி மட்டும் பார்க்கத்தக்கது. வரிசைக்கு வரிசை செங்கல்லை முன்னே தள்ளி மேலே கூட வைத்த கூரை. குனிந்து இறங்குங்கள்.

அடுத்த சுமேரிய நகரமான எரிதுவுக்குச் சாதாரண கார் போகாது. உள்ளூர் பிக்கப், நாள் வாடகை 100,000 தினார், கூடவே பாதை தெரிந்த ஆள். ஊரிலிருந்து தெற்கே 20 கிலோமீட்டருக்கு மேல், கடைசிப் பகுதி தடமில்லாத பாலை. வெள்ளையாகப் படர்ந்த உப்புத்தரைக்கு "ஸப்கா" என்று பெயர். மேலே அப்பளம்போல் காய்ந்திருக்கும், அடியில் சேறு. ஓரமாகச் சுற்றிப் போவதாகச் சொன்ன ஓட்டுநர் குறுக்கே விட்டார், பின்சக்கரம் இறங்கியது. அழுத்தி ஆக்சிலேட்டர் கொடுத்தால் அச்சு வரை புதைந்துவிடும். டயர் காற்றை 32இலிருந்து 18க்கு இறக்கி, சக்கரத்துக்குப் பின்னால் தோண்டி, கால்மிதியைத் திணித்து, பின்பக்கமாகவே மெல்ல எடுத்தார். நாற்பது நிமிஷம்.

எரிதுவில் ஜிகுராட் என்று சொல்ல ஒரு மண்மேடுதான். ஆனால் 1946 முதல் 1949 வரை தொல்லியலாளர்கள் ஃபுவாத் சஃபரும் செட்டன் லாயிடும் அதன் மூலைக்கடியில் தோண்டியபோது, ஒன்றன்மேல் ஒன்றாகப் பதினெட்டுக் கட்டட அடுக்குகள் வந்தன. அடியில் இருந்தவற்றில் ஒன்று நம் வீட்டுப் பூஜையறை அளவே, மூன்று மீட்டர் பக்கம். இடிந்ததன்மேல் கட்டி, அது இடிந்ததும் அதன்மேல் கட்டி, உயர்ந்துகொண்டே வந்திருக்கிறது. படையல் மேடைகளின் அருகே மீன் எலும்பு கிடைத்திருக்கிறது. நன்னீரின் தெய்வம் என்கியின் ஊர், மீன் வைத்திருக்கிறார்கள்.

தரை முழுக்கப் பானை ஓடு. ஒன்றைக்கூடப் பையில் போட வேண்டாம். 2022இல் ஓய்வுபெற்ற பிரிட்டிஷ் புவியியலாளர் ஒருவர் இங்கே பொறுக்கிய பன்னிரண்டு துண்டுகளுக்காக 15 வருஷச் சிறைத்தண்டனை பெற்றார். அடுத்த மாதமே மேல்முறையீட்டில் விடுதலை, ஆனாலும் விமான நிலையத்தில் பிடிபட்டதிலிருந்து அவர் பட்டது போதாதா?

இரவு ஃபுராத், அதாவது யூப்ரடீஸ், நதிக்கரையில் மஸ்கூஃப். கெண்டையை வயிற்றில் கீறாமல் முதுகில் பிளந்து தட்டுபோல விரித்து, உப்புத் தடவி, குச்சியில் குத்தித் தீக்குப் பக்கவாட்டில் நிறுத்துகிறார்கள். சதை தீயைப் பார்த்திருக்க வேண்டும். முக்கால் மணி நேரத்துக்குக் குறைந்தால் முதுகெலும்பை ஒட்டிய சதை வேகாது. கடைசியில் தோல்பக்கம் கீழே இருக்கும்படி கங்கில் ஐந்து நிமிஷம் கிடத்துவார்கள். கிலோ 13,000 தினார், இரண்டு பேருக்கு ஒன்றரைக் கிலோ தாராளம். பிக்கப் ஓட்டுநரையும் உட்கார வைத்தோம். டயருக்கு மறுபடி காற்றடித்த 1,000 தினாரை வாடகையில் சேர்க்க வேண்டாம் என்று கடைசி வரை பிடிவாதமாக இருந்தார்.